கருப்பைக் கழுத்தில் ஒரு சதை வளர்ச்சி: முடிவெடுப்பது யார்?

‘கர்ப்பப்பை வாயில சதை வளர்ந்திருக்கு’ என்று கிளினிக்கில் சொன்னதும் வன்னியில் பெண்கள் அநேகமாக இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். புற்றுநோய்தான் என்று பயந்து யாருக்கும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். அல்லது, ‘கர்ப்பப்பையையே எடுத்துவிடுங்கோ, பிள்ளை பெத்தது போதும்’ என்கிறார்கள். இந்தச் சதைக்கு இரண்டுமே வேண்டியதில்லை.

பொலிப் எனப்படும் இந்தச் சிறு வளர்ச்சி, பிள்ளை பெற்ற நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களில் அதிகம் காணப்படுகிறது. மிக அரிதாகவே அதில் புற்றுநோய் இருக்கும். இடுக்கி போன்ற கருவியால் பிடித்துத் திருகினால் வந்துவிடும். சில நிமிட வேலை. பெரும்பாலும் மயக்க மருந்து தேவையில்லை, அன்றே வீடு திரும்பலாம். அடி தடித்ததாகவோ, உள்ளே ஆழத்திலோ இருந்தால் மட்டும் சத்திரசிகிச்சைக் கூடம்.

எடுக்கத்தான் வேண்டுமா? மாதவிடாய் நிற்காதவர், இரத்தக்கசிவு இல்லை, பப் பரிசோதனை முடிவு சரி, வளர்ச்சியும் சிறியது என்றால் விட்டுக் கவனிக்கலாம். உடலுறவின் பின்போ, இரு மாதவிடாய்களுக்கு இடையிலோ இரத்தம் பட்டால் எடுப்பது நல்லது. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் கதை வேறு. அப்போது பொலிப்பை எடுப்பதோடு நிற்காமல் ஸ்கேன் செய்து கருப்பையின் உட்சுவரையும் பார்க்க வேண்டும். இரத்தம் அங்கிருந்தும் வரலாம்.

பொலிப்பை எடுத்துவிட்டதால் பப் பரிசோதனை வேண்டாம் என்றாகாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் ‘வெல் வுமன்’ கிளினிக்குகள் 1996இலிருந்து இயங்குகின்றன. 35, 45 வயதுகளில் இப்பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். ஆனால் எங்கள் ஊர்களில் கிளினிக் என்றால் கர்ப்பிணிகளுக்கும் கருத்தடைக்கும் உரிய இடம். கணவர் கொல்லப்பட்ட, காணாமலாக்கப்பட்ட பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று ஊர் கேட்கும். அவரிடமே ‘உடலுறவுக்குப் பிறகு இரத்தம் போகுதா?’ என்று சிற்றூழியர் மொழிபெயர்க்க, வாங்கில் இருக்கும் நாலு பேருக்குக் கேட்கும்படி விசாரித்தால் என்ன பதில் வரும்? ‘இல்லை’ என்பார். முக்கியமான அறிகுறி அங்கேயே தொலைந்துவிடும். இது அவரது வெட்கத்தின் பிழையல்ல, கேட்ட இடத்தின் பிழை.

தமிழ் 1987இல் 13ஆவது திருத்தத்தோடு அரச கரும மொழியானது. கையில் தரப்படும் நோய் நிர்ணய அட்டையோ இன்றும் ஆங்கிலத்தில்தான். அதை வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுக்க எந்தத் தாய்தான் விரும்புவார்?

நாட்கூலியின் கணக்கும் இருக்கிறது. ஒட்டுசுட்டானிலிருந்து மாஞ்சோலை வைத்தியசாலைக்குப் போய்வர ஒரு நாள் சம்பளம் போகும். சதையை எடுக்க எப்படியாவது போவார்; ஆய்வுகூட முடிவை வாங்க இன்னொரு நாள் போவாரா என்பதே சந்தேகம். எடுத்த துண்டில் ஆபத்து ஏதும் இருந்ததா என்று சொல்லப்போவது அந்தத் தாள்தான். சத்திரசிகிச்சைக்கு ஆள் சேர்ப்பதை விட, அந்த முடிவைக் கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தர் வழியாக இரகசியமாகச் சேர்ப்பிப்பது சுகாதாரத் திணைக்களத்துக்குப் பெரிய செலவல்ல. அதுவரை, வைத்தியரிடமிருந்து எழும்பும் முன் கேட்க வேண்டியது இது: துண்டை எங்கே அனுப்புகிறீர்கள், முடிவு எந்தத் திகதியில், யாரிடம் வரும்?