கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம்



பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிற நேரம். "எந்நேரமும் கேம்தானா?" என்ற அதட்டல் எந்த வீட்டில் கேட்கவில்லை? அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் எத்தனை மணி நேரம் என்று கேட்கிற நாம், அந்தக் கேமின் கதைக்குள் பிள்ளை யாராக இருக்கிறது, அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று கேட்பதுண்டா?

'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்று ஒரு கேம். லூகாஸ் போப் என்ற அமெரிக்கர் ஏறக்குறைய தனியாளாக உருவாக்கி 2013-ல் வெளியிட்டது. இப்போது போனிலும் கிடைக்கிறது. இதன் கதாநாயகனுக்குப் பெயர்கூட இல்லை. ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டில், 1982 நவம்பரில், அரசாங்கக் குலுக்கலில் அவனுக்கு ஒரு வேலை விழுகிறது. எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் சரிபார்க்கிற வேலை.

வரிசையில் ஒவ்வொருவராக வருவார்கள். போட்டோவும் முகமும் ஒத்துப்போகிறதா, தேதி தாண்டிவிட்டதா, ஊர்ப் பெயர் சரியா என்று பார்க்க வேண்டும். சரியென்றால் பச்சை முத்திரை, இல்லையென்றால் சிவப்பு. விதிகள் அடிக்கடி மாறும். நேற்று செல்லுபடியான காகிதம் இன்று செல்லாது. மேஜையோ சின்னது. காகிதங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்.

ஒருவரைச் சரியாகப் பார்த்து முடித்தால் 5 கிரெடிட் கூலி. ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கைச் சீட்டு, மூன்றாவதிலிருந்து பிடித்தம். சாயங்காலம் சாவடி மூடியதும் வீட்டுக் கணக்கு வந்து நிற்கும். மனைவி, மகன், மாமியார், மாமா என்று நான்கு பேர் அவனை நம்பி இருக்கிறார்கள். ஆரம்பத்தில் வாடகை 20, சாப்பாடு 20, கணப்பு 10. இதற்கே பத்துப் பேரைப் பார்த்தாக வேண்டும். எட்டுப் பேரைத்தான் பார்க்க முடிந்ததென்றால் எதை வெட்டுவது? சாப்பாட்டையா, கணப்பையா? குளிரில் கிடந்தால் யாருக்காவது உடம்புக்கு வரும். அப்புறம் மருந்துச் செலவு தனி. மாதக் கடைசியில் பால் கணக்கையும் கரன்ட் பில்லையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தவறு இந்த இடத்தில்தான் நுழைகிறது. காவலர் ஒருவர் வந்து காதில் போடுகிறார்: ஆட்களைப் பிடித்துக் கொடுத்தால் எனக்குக் காசு, உனக்கும் பங்கு உண்டு. காகிதத்தில் கோளாறு உள்ளவரைத் திருப்பி அனுப்பினாலே போதும். ஆனால் கைது செய்யச் சொன்னால் வீட்டுக்கு மருந்து வாங்கலாம். விளையாடுகிறவரின் கை எந்தப் பட்டனுக்குப் போகும்?

இன்னொரு நாள் ஒரு கணவன் வருகிறான். அவன் காகிதங்கள் சரி. "பின்னால் என் மனைவி வருகிறாள், கொஞ்சம் தயவு காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவளிடம் அனுமதிச் சீட்டு இல்லை. திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். உள்ளே விட்டால் எச்சரிக்கைச் சீட்டு உடனே அச்சாகி வரும். அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு வாங்கியிருந்தால், அந்த இரக்கத்துக்கு உங்கள் வீட்டுப் பணத்தில் கை வைக்க வேண்டும்.

லஞ்சத்துக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சான்றிதழுக்காக நாலு தடவை அலைந்த யாருக்கும் அந்த எண்ணம் வராது. நான் சொல்ல வருவது வேறு. குறையுள்ள கதாநாயகன் என்றால் கொஞ்சம் குடி, கொஞ்சம் கோபம் கொடுத்தால் போதும் என்று கதை எழுதுகிறவர்கள் பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு வேலையும், கூலியும், அதில் பங்கு கேட்கும் குடும்பமும் இருந்தால்தான் அவன் தவறு நமக்குச் சுடும்.

இப்படி வேறு கேம்களும் உண்டு. 2019-ல் வந்த 'டிஸ்கோ எலிசியம்' கேமின் துப்பறிவாளன் இருக்கிறானே, குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்தவன், பேட்ஜையும் துப்பாக்கியையும் தொலைத்தவன். கொலை வழக்குக்கு நடுவே, தங்கிய விடுதிக்குப் பாக்கி கட்டவும் அவன் காசு தேட வேண்டும். 2023-ல் வந்த 'வெண்பா'வில் நம் தமிழ்த் தம்பதியே கனடாவில் வேலை தேடித் தடுமாறுகிறார்கள். தாய்மொழியிலிருந்தும் வீட்டுச் சாப்பாட்டிலிருந்தும் விலகிப்போகும் மகன் கவின் நம் சொந்தக்காரப் பையன் மாதிரியே இருக்கிறான்.

ஒரு எச்சரிக்கை. 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். தாக்குதல்கள் உண்டு, உடல் சோதனைப் படங்கள் உண்டு. காலேஜ் படிக்கிற பிள்ளை என்றால் தாராளமாக விளையாடலாம். நீங்களும் ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்காருங்கள். அனுமதிச் சீட்டு இல்லாத அந்தப் பெண்ணை உள்ளே விட்டாயா, ஏன் என்று கேளுங்கள். பிள்ளை சொன்ன பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்