அயலொளியும் இடைச்செருகலும்

வானிலைக் கோள்கள் அனுப்பும் படங்களில் ஒரு மாசு உண்டு. அளக்கவேண்டிய பொருளினின்று வாராது, வேறு திசையினின்று தொலைநோக்கியினுள் நுழைந்து, உட்சுவர்களிற் பட்டுத் தெறித்து, உணர்கருவியைச் சேரும் ஒளியே அது. அதனை அயலொளி என்பேம். சிதறொளி எனலாகாதோ எனின், சிதறல் என்பது இராமன் முதலியோர் ஆய்ந்த வேறு நிகழ்ச்சியாதலின் அப்பெயர் மயக்கந் தரும்.

2013 ஜூலை 26இல் செலுத்தப்பெற்ற இன்சாட்-3டி, நிலநடுக்கோட்டின்மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கே 82ஆம் பாகையில் நிறுத்தப்பெற்றது. நம் நாட்டு நேரமோ 82½ பாகைக்குரியது. ஆகவே அதன் நள்ளிரவும் நம் நள்ளிரவும் ஏறக்குறைய ஒன்றே. மார்ச்சு, செப்டம்பர்த் திங்கள்களில், பகலும் இரவும் ஒத்த நாட்களையொட்டி, நள்ளிரவிற்குச் சற்று முன்னும் பின்னும் ஞாயிறு பூமியின் விளிம்பினின்று எட்டிப்பார்க்கும். பூமியையே நோக்கியிருக்கும் கருவியின் வாயில் அப்பொழுது வெயில் நேரே விழும். 11 மைக்ரான் அலையில் நிலத்தின் வெப்பக்கதிர் மிகுதியாகலின் மாசு அத்துணைத் தோன்றாது. 3.9 மைக்ரான் அலையிலோ, இரவில் நிலம் விடுங் கதிர் மிகச் சிறிது; ஞாயிற்றின் துளியொளியும் பெரிதாய்ப் படும். கருவியின் தடுப்புகளும் உட்புறக் கருமையும் இதனைக் குறைக்கும்; முற்றும் ஒழியா.

இது பொறியாளர் கவலையன்றோ, நமக்கென்னை எனின், அந்த 3.9 மைக்ரான் அலையே காட்டுத்தீயைக் காட்டிக்கொடுப்பது. வைகைச் சமவெளியினின்று மேற்கே தோன்றும் மலைகளில் புல் காய்ந்து தீப்பற்றுங் காலமும் அந்த மார்ச்சே. மலையேறச் சென்றோர் பலரைக் கொன்ற குரங்கணித் தீ 2018 மார்ச்சு 11இல் மூண்டது. (அது பகலில் நேர்ந்தது, அயலொளியை அதனொடு பிணைப்பார் தவறுவர்.)

ஐயமுற்ற வேளையின் அளவுகளை அறவே நீக்கிவிடுவது ஒரு முறை. கணக்கால் திருத்தி, திருத்தியதை அறிவியாது வெளியிடுவது மற்றொன்று. இரண்டும் எனக்கு உடன்பாடல்ல. இடைச்செருகலென ஐயுற்றதனால் ஏட்டைக் கிழிப்பார் உளரோ? உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபொழுது, சிதைந்த இடங்களைத் தம் சொல்லால் நிரப்பாது புள்ளியிட்டு விட்டார், பிரதிபேதங்களையும் குறித்தார். அளவுகளையும் அவ்வாறே பெற்றபடி ஒன்றும் திருத்தியபடி ஒன்றுமாக வைத்து, ஐயக்குறியும் இடுதல் வேண்டும். மூலம் நின்றால், அயலொளி புகுந்த வழியைப் பின்வருவோர் ஆராய்ந்து இதனினும் நல்ல திருத்தங் காண்பர்.

அக்குறி கோப்பினுள் மறைந்து கிடப்பதும் போதாது. தேனி மலையடிவாரத்து வனக்காவலர், நள்ளிரவுப் படத்தில் ஒரு சூட்டுப்புள்ளியைக் கண்டு ஆட்களை இருட்டில் மலையேற்றுமுன், அப்புள்ளியின் அருகிலேயே அதனைக் காண உரிமையுடையார்.