வீடு கொடுத்தோமே என்கிறீர்கள்

"அதான் பக்கா வீடு கொடுத்தாச்சே, இன்னும் என்ன குறை?" கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. இன்று நான் பதில் சொல்கிறேன், கேளுங்கள்.

சென்னையில் கிரீம்ஸ் சாலையை ஒட்டிய கூவம் ஆற்றங்கரையில் பிறந்தவள் நான். 2017-இல், பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில், குடிசைகளை இடித்து, தட்டுமுட்டுச் சாமான்களோடு லாரியில் ஏற்றி, 20 கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கத்தில் இறக்கிவிட்டீர்கள். எட்டு அடுக்குக் கட்டடத்தில் ஆறாவது மாடி. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மா பாத்திரம் தேய்க்கும் வீடுகள் பழைய இடத்திலேயே இருந்தன. விடியுமுன் பஸ்ஸுக்கு ஓடுவாள். "யார் தட்டினாலும் திறக்காதே" என்பாள். பள்ளிவிட்டு வந்தால் உள்தாழ்ப்பாள்தான் எனக்குத் துணை. லிஃப்ட் ஓடாது. படிக்கட்டில் பல்பு எரியாது. குடித்துவிட்டுக் கத்தும் குரல்கள் கீழேயிருந்து ஏறி வரும். காலடிச் சத்தம் எந்த மாடியில் நிற்கிறதென்று கதவில் காதை வைத்துக் கேட்பேன். ஒருநாள் எவனோ கதவை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விட்டுவிடுவாள். விட்டால் சோறு ஏது?

குடிசையில் மட்டும் பயமில்லையா என்பீர்கள். இருந்தது. 2015 வெள்ளத்தில் எல்லாம் போயிற்று. ஆனால் அன்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர் பக்கத்து வீட்டு மாமா. அம்மா வரும்வரை தினமும் சோறு போட்டது எதிர்வீட்டு ஆயா. அவர்களை ஆளுக்கொரு பிளாக்கில் பிரித்துப் போட்டீர்கள். மேல்மாடியில் வீடு கிடைத்த ஆயா, படி ஏற முடியாமல் கீழே இறங்குவதையே விட்டுவிட்டார்.

கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். ஏழைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது உங்களுக்குப் பழகிவிட்டது. கொட்டிவிட்டு, "அந்த ஏரியாப் பசங்களா?" என்று முகம் சுளிப்பதும் நீங்கள்தான்! அலைச்சல் தாங்காமல் என்னோடு படித்த பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றபோது யார் வந்து கேட்டீர்கள்?

சதுர அடி பார்த்தீர்கள், சுவரும் கூரையும் பார்த்தீர்கள். தாய் திரும்பும்வரை பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று பார்த்தீர்களா?

இனி இடிப்பதற்காக ஒரு குடியிருப்பை அளந்து கதவில் எண் எழுதுமுன், அங்குள்ள பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன். பிழைப்பு இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு கொடுங்கள். படிப்பின் நடுவில் கை வைக்காதீர்கள். ஒரே வரிசையில் வாழ்ந்தவர்களை ஒரே மாடியில் குடிவையுங்கள். இதுகூட முடியாதென்றால், வீடு கொடுத்தோம் என்று எங்கள் முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள்!