ராமேஸ்வரத்தில் லேப்டாப் திருடுபோனால்... முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்யணும்?

அக்னி தீர்த்தத்தில் குளித்து, ராமநாதசுவாமி கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடி முடிக்க நேரம் பிடிக்கும். அதுவரை லேப்டாப் பை காரிலோ, லாட்ஜ் அறையிலோதான் இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் பையைக் காணோம். அடுத்து என்ன?

செல்போன் மாதிரி முடக்க முடியுமா?

முடியாது. செல்போனுக்கு ஐஎம்இஐ எண் இருக்கு. அதை வைத்து மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் போனை முடக்கலாம். சாதாரண லேப்டாப்புக்கு அந்த எண் கிடையாது. அதன் முக்கிய அடையாளம் சீரியல் நம்பர்தான். பில்லிலும், பெட்டியிலும், லேப்டாப்பின் அடிப்பக்கத்திலும் அது இருக்கும்.

முதல் வேலை: பாஸ்வேர்டு

கையில் இருக்கும் போனிலிருந்தே இமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்க. எல்லா சாதனங்களிலிருந்தும் 'லாக் அவுட்' கொடுங்க. வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதிக்குப் போய் லேப்டாப்பை நீக்குங்க. 'ஃபைண்ட் மை டிவைஸ்' வசதியை முன்பே ஆன் செய்திருந்தால், லேப்டாப் கடைசியாக இருந்த இடத்தைப் பார்க்கலாம். ஆனால் அந்த இடத்துக்குத் தனியாகப் போகாதீங்க. தகவலை போலீஸிடம் கொடுங்க. வங்கிக் கணக்கில் பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழைக்கணும்.

புகார் எங்கே?

ஊருக்குள் என்றால் அருகிலுள்ள காவல் நிலையம். ரயிலில் என்றால் ரயில்வே போலீஸ். பாதி வழியில் இறங்க வேண்டியதில்லை. 139-க்கு அழைக்கலாம், டிக்கெட் பரிசோதகரிடமும் சொல்லலாம்.

ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்ததா? 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். இதுதான் 'ஜீரோ எஃப்ஐஆர்'. ஆன்லைனில் அனுப்பினால் 3 நாட்களுக்குள் நேரில் போய் கையெழுத்து போடணும்.

சிஎஸ்ஆர் ரசீது போதுமா?

அது மனு பெற்றதற்கான ஒப்புகை மட்டுமே. திருட்டு வழக்குக்கு எஃப்ஐஆர் தேவை. இன்சூரன்ஸ் நிறுவனங்களும் பொதுவாக அதைத்தான் கேட்கும். எஃப்ஐஆர் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. பதிவு செய்ய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

லேப்டாப் கிடைத்தாலும், அது உங்களுடையதுதான் என்று நிரூபித்து கோர்ட் மூலம்தான் வாங்க வேண்டியிருக்கும். அதனால் பில்லையும் சீரியல் நம்பரையும் இப்பவே போட்டோ எடுத்து உங்களுக்கே இமெயில் அனுப்பி வைங்க. அந்த போட்டோ லேப்டாப்பில் மட்டும் இருந்தால் பிரயோஜனம் இல்லை.