என்ன குறை வைத்தோம்?

வார இறுதியில் நம்மிடம் தஃப்சீர் வகுப்புக்கு வரும் பெண்பிள்ளைகளுள் ஒருவர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயில்பவர். சூரா யூசுஃப் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு நாளில் அவர் கேட்டார்: "ஹஜ்ரத், ஒருவன் ஒரு பெண்ணைக் கடத்திப் பூட்டி வைக்கிறான். ஆனால் அவள் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுக்கிறான். நேசிப்பதாகவும் சொல்கிறான். எங்கள் வகுப்பில் பலர் அவன்மீது இரக்கப்படுகிறார்கள். அது நேசம்தானா?"

அவர் குறிப்பிட்டது, ஜான் ஃபவுல்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1963ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி கலெக்டர்' என்னும் நாவலை. மாவட்ட ஆட்சியரைப் பற்றிய கதையன்று இது. சேகரிப்பவன் என்பதே இங்கு அச்சொல்லின் பொருள். வில்லியம் வைலர் 1965இல் இதைத் திரைப்படமாக்கினார். அதில் நடித்த இருவருக்கும் அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிப்புக்கான பரிசுகள் கிடைத்தன.

மதரஸா ஆசிரியருக்கு இத்தகைய கதைகளில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். எனினும், கேட்ட பிள்ளைக்குப் பொறுப்பான பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காக அகராதியின் துணையோடு அந்நூலை வாசித்தோம். வாசித்து முடித்தபோது, நம் மஹல்லாவில் பலமுறை காதில் விழுந்த ஒரு வாக்கியம் அக்கதை நெடுகிலும் ஒலிப்பதை உணர்ந்தோம். அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

கதை சுருக்கமானது. ஃபிரெடரிக் கிளெக் என்பவன் நகராட்சி அலுவலக எழுத்தர். பெற்றோரின் அரவணைப்பின்றி அத்தையிடம் வளர்ந்தவன். வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்துக் கொன்று, ஊசியில் குத்தி, கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கி வைப்பது அவனுடைய பொழுதுபோக்கு. மிராண்டா என்னும் ஓவிய மாணவியை அவன் நெடுநாளாகத் தூரத்திலிருந்து பார்த்து வருகிறான். ஒரு வார்த்தையும் பேசியதில்லை. கால்பந்துப் பந்தயச் சூதில் எழுபதாயிரம் பவுண்டுக்கு மேல் அவனுக்குக் கிடைக்கிறது. அப்பணத்தில், சசெக்ஸ் பகுதியில் தனித்திருக்கும் பழைய வீடொன்றை வாங்கி, அதன் நிலவறையைச் செப்பனிடுகிறான். பிறகு ஒரு மாலையில் லண்டன் தெருவொன்றில் அப்பெண்ணுக்கு மயக்கமருந்து கொடுத்து, வேனில் தூக்கிச் செல்கிறான்.

நிலவறையில் அவளுக்கு எல்லாம் இருக்கின்றன. உடைகள், நூல்கள், ஓவியப் பொருட்கள், இசைத்தட்டுகள், விரும்பிய உணவு. கதவு மட்டும் வெளியிலிருந்து பூட்டப்பட்டிருக்கிறது. நான்கு வாரங்களில் விட்டுவிடுவதாக வாக்களிக்கிறான். கெடு முடியும் இரவில் திருமணம் செய்துகொள்ளுமாறு கேட்கிறான். அவள் மறுக்கிறாள், வாக்கு முறிகிறது. நாட்கள் செல்லச் செல்ல, அவளை இழிவுபடுத்தும் நிழற்படங்களையும் எடுக்கிறான். இறுதியில் அவளுக்கு நிமோனியா காய்ச்சல் காண்கிறது. மருத்துவரை அழைத்தால் தான் பிடிபடுவோம் என்பதால் அவன் அழைக்கவில்லை. அவள் இறக்கிறாள், வீட்டுத் தோட்டத்தின் ஆப்பிள் மரங்களின் அடியில் புதைக்கப்படுகிறாள்.

இந்நூலின் முதற்பகுதியை கிளெக் தானே நம்மிடம் சொல்கிறான் என்பது கவனிக்கத்தக்கது. அவனுடைய குரல் பணிவானது. தான் கண்ணியமாக நடந்துகொண்டதாகவும், வேறு எவரும் இவ்வளவு செய்திருக்க மாட்டார்கள் என்றும் அவன் திரும்பத் திரும்பச் சொல்கிறான். கல்லூரி மாணவர்கள் அவன்மீது இரக்கப்பட்டதில் வியப்பில்லை. அவன் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் எவருக்கும் அந்த இரக்கம் வரும். இரண்டாம் பகுதியில்தான் மிராண்டாவின் நாட்குறிப்பு நம் கைக்கு வருகிறது. அதே அறை, அதே உணவு, அதே நாட்கள். ஆனால் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஏங்கும் ஓர் உயிரின் வாக்குமூலம் அது. அவன் அவளிடம் ஒருபோதும் கேட்காத கேள்விக்கான பதில் அதில் இருக்கிறது.

மாணவியின் கேள்விக்கு வருவோம். அது நேசமா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்து மதீனாவில் நிகழ்ந்ததாக ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள ஒரு நிகழ்ச்சியை நாம் வகுப்பில் எடுத்துரைத்தோம். பரீரா (ரலி) அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். விடுதலை பெற்றதும், அடிமையான தம் கணவர் முகீஸுடன் தொடர்ந்து வாழ்வதா பிரிவதா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை அவருக்கு வந்தது. அவர் பிரிவைத் தேர்ந்தார். முகீஸ் அவரை ஆழமாக நேசித்தவர். மதீனாவின் தெருக்களில் பரீராவின் பின்னே அழுதுகொண்டே நடந்தார். கண்ணீர் தாடியில் வழிந்தது. அதைக் கண்டு நபியவர்களின் உள்ளம் இளகியது. "நீ அவரிடம் திரும்பிச் செல்லலாமே" என்னும் கருத்தில் பரீராவிடம் எடுத்துச் சொன்னார்கள். இது கட்டளையா என்று பரீரா வினவினார். பரிந்துரை மட்டுமே என்று நபியவர்கள் விளக்கியதும், தமக்கு அவர் தேவையில்லை என்று அப்பெண்மணி கூறிவிட்டார். விஷயம் அத்தோடு முடிந்தது.

இதனைச் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். அழுதவரின் நேசம் பொய்யானதன்று. பரிந்துரைத்தவரோ அல்லாஹ்வின் தூதர். அப்படியிருந்தும், நேற்றுவரை அடிமையாயிருந்த ஒரு பெண்ணின் 'வேண்டாம்' என்னும் சொல் அங்கே செல்லுபடியானது. அவருடைய வீட்டுக் கதவை எவரும் பூட்டவில்லை. அவரை நன்றிகெட்டவர் என்று எவரும் ஏசவுமில்லை. முகீஸின் கண்ணீருக்கும் கிளெக்கின் பூட்டுக்கும் உள்ள வேறுபாடே அம்மாணவியின் கேள்விக்கு விடை. மறுக்கப்பட்ட நேசம் அழலாம், அழுவது பாவமன்று. அது பூட்டைக் கையில் எடுக்கும் கணத்தில் நேசம் என்னும் பெயரை இழந்துவிடுகிறது. பிறகு எஞ்சுவது உடைமை வெறி மட்டுமே. கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் வண்ணத்துப்பூச்சி அழகாகத்தான் இருக்கும். அது எங்கும் பறந்துவிடாது. ஏனெனில் அதற்கு உயிரில்லை.

இனி, நம் வீடுகளுக்கு வருவோம்.

பல ஆண்டுகளுக்கு முன், ஓர் இளம்பெண் தம் தந்தையுடன் ஜமாஅத் பஞ்சாயத்துக்கு வந்தார். அச்சபையில் நாமும் ஒருவராக அமர்ந்திருந்தோம். கணவர் வெளிநாட்டில், பெண் மாமியார் வீட்டில். பிறந்த வீட்டுக்குப் போக அனுமதியில்லை. தாயிடம் போனில் பேசினால் அருகில் ஒருவர் அமர்ந்திருப்பார். தோழிகள் வரக்கூடாது. மாப்பிள்ளை வீட்டார் வருத்தத்தோடு கேட்டார்கள்: "தனி அறை கொடுத்திருக்கிறோம். நகை போட்டிருக்கிறோம். வேலை செய்ய ஆள் வைத்திருக்கிறோம். என்ன குறை வைத்தோம்?" அப்பெண்ணோ, "அவர்கள் கெட்டவர்கள் இல்லை ஹஜ்ரத். எனக்கு அங்கே மூச்சு முட்டுகிறது" என்று மட்டும் சொன்னார். அடித்த தழும்பில்லை, பட்டினியில்லை. ஆகவே, பொறுமையாய் இருக்கும்படி உபதேசித்து நாம் அவரைத் திருப்பி அனுப்பினோம். அவரைத் தனியே அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, உடலும் உள்ளமும் நலிந்த நிலையில், வேறோர் ஊரில் அவருக்குக் குலா கிடைத்தது. அந்த இரண்டு ஆண்டுகளுக்காக நாம் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அஞ்சுகிறோம்.

அவ்வீட்டாரை அந்தக் கதையின் குற்றவாளியோடு நிறுத்தி நாம் பேசவில்லை. அவர்கள் தொழுகையாளிகள், கெட்ட எண்ணம் இல்லாதவர்கள். ஆயினும், "என்ன குறை வைத்தோம்?" என்னும் வாக்கியம் இரண்டு இடங்களிலும் ஒன்றே. கேட்டதைக் கொடுத்துவிட்டோம், ஆகவே கேட்காமல் எடுத்துக்கொண்டதைப் பற்றி எவரும் பேசக்கூடாது என்பதே அதன் உட்பொருள். நாவலை வாசிக்கையில் நமக்குக் கிளெக்கின் முகம் தெரியவில்லை; அன்றைய சபையில் தலையாட்டிக்கொண்டிருந்த நம் முகமே தெரிந்தது.

அன்று நாம் மறந்துபோன ஹதீஸ் ஒன்று உண்டு. ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி நபியவர்களிடம் வந்தார். கணவரின் மார்க்கப் பற்றிலோ குணத்திலோ தாம் குறை காணவில்லை என்றே சொன்னார். எனினும் அவருடன் வாழ இயலவில்லை என்றார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தர ஒப்புகிறாயா என்று கேட்டு, அவர் ஒப்பியதும், அதைப் பெற்றுக்கொண்டு மணவிலக்கு அளிக்குமாறு ஸாபித் அவர்களுக்கு நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். குறையே இல்லாத கணவரிடமிருந்தும் ஒரு பெண்ணுக்கு வெளியேறும் வழி இருந்தது. நாமோ, குறையை நிரூபி என்று கேட்டு வழியை அடைத்தோம். பெண்களைப் பலவந்தமாக உரிமையாக்கிக் கொள்வதை அந்நிஸா அத்தியாயத்தின் 19ஆம் வசனமும், தொல்லை கொடுக்கும் நோக்கில் மனைவியரைத் தடுத்து வைப்பதை அல்பகரா அத்தியாயத்தின் 231ஆம் வசனமும் தடை செய்கின்றன. இவற்றை ஆண்டுதோறும் பாடம் நடத்துகின்ற நாமே அன்று அவ்வாறு நடந்துகொண்டோம்.

இங்கே சிலர் ஒரு நியாயமான கேள்வியை எழுப்புவர். காலம் கெட்டுக் கிடக்கிறது. குடும்பத்தைக் காப்பது ஆணின் கடமை. வெளியே போகும் பெண்ணைப் பற்றி விசாரிப்பதும் குற்றமா? குற்றமில்லை. காவல் கடமையே. ஆனால் காவலுக்கும் சிறைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுகொள்வது கடினமன்று. காக்கப்படுபவர் தமக்கு நேர்வதை வெளியே சொல்ல முடியும்; தாயைப் பார்க்க முடியும்; நோயுற்றால் மருத்துவரிடம் செல்ல முடியும்; 'வேண்டாம்' என்று சொன்னால் அச்சொல் கேட்கப்படும். இவற்றுள் எதுவும் இல்லாத இடத்தில் காவல் என்னும் சொல்லைப் பயன்படுத்துவது அச்சொல்லுக்கே அநீதி. பூனையொன்றைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸை நம் பிள்ளைகள் சிறுவயதிலேயே அறிவர். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. தானே இரைதேடித் தின்ன அதை விடவுமில்லை. அதனால் தண்டனைக்கு ஆளானாள். ஒரு பூனையை அடைத்து வைத்ததற்கே இந்தக் கணக்கு இருக்குமானால், மனிதரை அடைத்து வைத்தோரின் கணக்கு எப்படியிருக்கும்?

நம் ஆண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். மறுத்த பெண்ணை விடாமல் பின்தொடர்ந்தால் அவள் ஒருநாள் மனம் மாறுவாள் என்று கற்பிக்கும் படங்கள் நம் மொழியில் ஏராளம். அவற்றில் பின்தொடர்பவனே கதாநாயகன். 'தி கலெக்டர்' அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. மிராண்டாவின் மனம் இறுதிவரை மாறவில்லை. இத்தகைய கதைகளை எல்லோரும் தேடிப் படிக்க வேண்டும் என்று நாம் பரிந்துரைக்கவில்லை. இளம் வயதினருக்கு ஏற்றதல்லாத பகுதிகள் இதில் உள்ளன. ஆனால் பிள்ளைகள் இத்தகைய படங்களைப் பார்த்துவிட்டு வந்து கேட்டால், வாயை மூடு என்று அதட்டாமல், அவர்களோடு அமர்ந்து பேசுவது நம் பொறுப்பு.

நாவலின் முடிவு நம்மை மிகவும் கலங்கச் செய்தது. மிராண்டா இறந்தபின் கிளெக் தற்கொலைக்கு எண்ணுகிறான். அவளுடைய நாட்குறிப்பைப் படித்து, அவள் தன்னை ஒருபோதும் நேசிக்கவில்லை என்று அறிகிறான். அதன்பின் அவனிடம் வருத்தமும் எஞ்சவில்லை. கடையொன்றில் வேலை செய்யும் மற்றொரு பெண்ணைக் கண்டு, நிலவறையை மீண்டும் தயார்செய்யத் தொடங்குகிறான். தன் பிழை, தகுதிக்கு மீறிய பெண்ணைத் தேர்ந்ததுதான் என்பது அவன் முடிவு.

சூரா யூசுஃபிலும் பூட்டிய கதவுகள் உண்டு. அஸீஸின் மனைவி வாசல்களைத் தாழிட்டுத்தான் நபி யூசுஃப் (அலை) அவர்களை அழைத்தார். மறுத்தவருக்குச் சிறைவாசம் கிடைத்தது. ஆயினும், ஆண்டுகள் சென்று மன்னர் விசாரித்தபோது, தவறு தம்முடையதே என்றும் அவர் உண்மையாளர் என்றும் அப்பெண் அவையில் ஒப்புக்கொண்டார். இறைவேதம் அந்த ஒப்புதலையும் பதிவு செய்து வைத்திருக்கிறது. தவறுக்கு அதன் பெயரைச் சூட்டுவதில்தான் தவ்பாவின் வாசல் இருக்கிறது. கிளெக் அதைச் செய்யவில்லை; ஆகவே அவன் வீட்டில் அடுத்த பூட்டு தயாரானது.

நாம் செய்யக்கூடியவை பெரியனவல்ல. நிக்காஹுக்கு முன் மகளின் சம்மதத்தைக் கூட்டத்தின் நடுவில் அல்லாமல், அவள் அச்சமின்றிப் பேசக்கூடிய இடத்தில் கேட்போம். 'வேண்டாம்' என்பதைக் கேட்டுத் தாங்கிக்கொள்ள மகனைப் பழக்குவோம். மருமகள் தாய்வீடு செல்வதைச் சலுகையாகக் கருதாதிருப்போம். ஜமாஅத்தில் வழக்கு வரும்போது, முதலில் அப்பெண்ணிடம் தனியே, நம்பிக்கைக்குரிய பெண்மணி ஒருவரை உடன்வைத்துக் கேட்போம். 'என்ன குறை வைத்தோம்' என்னும் வாக்கியம் நம் நாவில் வரும்போதெல்லாம், சாவி யார் கையில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.

அமானத்தாக ஒப்படைக்கப்பட்டோரை உடைமையாக எண்ணிவிடும் தீங்கிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! நம்மால் மூச்சு முட்டியவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் துணிவையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.