கூட்டத்தை மே மாதத்தில் வையுங்கள்

கொடைக்கானலில் வீடு வைத்திருப்பவர்களில் பலர் அங்கே குடியிருப்பதில்லை. சென்னை, மதுரை, பெங்களூரு, துபாய் என்று இருக்கிறார்கள். சீசனுக்கு வந்து போகிறார்கள். வில்பட்டி, நாயுடுபுரம், அட்டுவம்பட்டிப் பக்கத்துக் காட்டேஜ் குடியிருப்புகளில் தண்ணீர் லாரி முதல் வாட்ச்மேன் சம்பளம் வரை பார்த்துக்கொள்வது உரிமையாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுதான். மலையிலேயே தங்கியிருக்கும் நாலைந்து பேர் இல்லையென்றால் பூட்டிய வீடுகள் பாசி பிடித்துப் போகும்.

அவர்களுக்கு அதிகாரம் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களைச் சாய்த்துச் சாலைகளை மறித்தபோது, ஓட்டெடுத்துவிட்டு மரம் அறுக்க முடியுமா? அமெரிக்காவில் மயாமிக்குப் பக்கத்து சர்ஃப்சைடில் நடந்ததையும் மறக்கக் கூடாது. அங்கே ஒரு அடுக்குமாடிக் கட்டடம் பழுதாகியிருக்கிறது என்று 2018-லேயே பொறியாளர் அறிக்கை கொடுத்தார். செலவை யார் தாங்குவது என்று உரிமையாளர்கள் வாதாடிக்கொண்டே இருந்தார்கள். நிர்வாகிகளில் பெரும்பாலோர் மனம் வெறுத்து விலகினார்கள். 2021 ஜூன் 24 அதிகாலையில் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து 98 பேர் இறந்தார்கள். சரிவில் நிற்கும் தடுப்புச் சுவர் விரிசல் விட்டால் நிர்வாகக் குழு உடனே கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். அதற்கு நம் ஆதரவு உண்டு.

ஆனால் தடுப்புச் சுவரைப் பூசுவதும், வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்று முடிவெடுப்பதும் ஒன்றல்ல. வீட்டுக்கென்று அனுமதி வாங்கிய கட்டடங்களில் விடுதி நடத்தியதற்காக, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2019-ல் கொடைக்கானல் நகராட்சி வரிசையாகச் சீல் வைத்தது. அப்படி ஒரு முடிவின் சுமை, வீட்டை வாடகைக்கே விடாத ஓய்வுபெற்ற ஆசிரியர் தலையிலும் விழும். பொது இடத்தை விற்பது, சேமநிதியைத் தொடுவது, விதிகளைத் திருத்துவது எல்லாம் இதே கணக்கில் சேரும். அடுக்குமாடிகளுக்காக 1994 சட்டத்தின் இடத்தில் வந்த 2022 சட்டம், இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் கேட்கிறது. பெரிய முடிவுகளுக்கு அந்த அளவுதான் பொருந்தும்.

நவம்பர் மழையில், வத்தலக்குண்டிலிருந்து ஏறும் சாலையே தெரியாத மூடுபனியில், ஒரு செவ்வாய்க்கிழமை அந்தச் சம்மதத்தைக் கேட்கப் பொதுக்குழுவைக் கூட்டினால் யார் வருவார்கள்? வராதவரிடம் பெயர் எழுதாத ப்ராக்ஸி படிவத்தில் கையெழுத்து வாங்கி, அதில் நிர்வாகியே தன் பெயரை எழுதிக்கொண்டால், உயர்வது ஒரே கைதான்.

பல சங்கங்கள் பதிவாகியிருப்பது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது என்கிறது அது. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மனுக் கொடுத்தால் பதிவாளர் விசாரணை நடத்தலாம். இந்த வழி இருப்பது எத்தனை வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்? மெயின்டனன்ஸ் பணத்தை இரண்டு வருடம் நிலுவை வைத்துவிட்டுத் தொலைபேசியில் மட்டும் கோபப்படுகிறவர்களிடமும் நமக்கு வருத்தம் உண்டு. பணத்தைக் கட்டுங்கள், கணக்கைக் கேளுங்கள்.

மே மாதத்தில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது. கூட்டத்தை அப்போது வையுங்கள். மூன்று வாரத்துக்கு முன்பே தணிக்கை செய்த வரவு செலவு ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேரட்டும். துபாயில் இருப்பவர் தன் ஓட்டைத் தானே இணையத்தில் போடட்டும்.