தேய்ந்த எழுத்தும் தேய்த்த எழுத்தும்

சுவரொட்டி, அழைப்பிதழ், மலரின் அட்டை என எதை எடுத்தாலும் இப்போது ஒரு புதுப் பாணி தெரிகிறது. தலைப்பு எழுத்துகள் கீறல் விழுந்து, ஓரம் உதிர்ந்து, மை சரியாக ஒட்டாதவை போல இருக்கின்றன. இதற்கென்றே கணினியில் எழுத்துருக்கள் உண்டு. அல்லது சாதாரண எழுத்தின் மேல் கீறல் படமொன்றைப் போட்டால் போதும். ஒரு நிமிடத்தில் 50 வருடப் பழமை வந்துவிடும். பாடசாலை நிகழ்ச்சிகளுக்கும் மாணவிகள் பலர் இதை விரும்பித் தெரிவு செய்கிறோம். இது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று யோசித்துத்தான் செய்கிறோமா?

இப்பாணி உலகெங்கும் பரவியது 1990களில். நெதர்லாந்து நாட்டு வடிவமைப்பாளர் எரிக் வான் பிளொக்லாந்த், பழைய தட்டச்சுப் பொறியின் அழுக்கேறிய எழுத்துகளைக் கணினிக்குள் கொண்டுவந்து, 1991இல் ‘டிரிக்ஸி’ என்ற எழுத்துருவை வெளியிட்டார். ‘எக்ஸ் பைல்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் தலைப்பில் அதைப் பலர் பார்த்திருப்பார்கள். மர்மக் கதைக்கு அது பொருந்தியது. ஆனால் இவ்வகை எழுத்துருக்களில் பெரும்பாலும் ஒரு குறை உண்டு. ‘அம்மம்மா’ என்று தட்டச்சு செய்தால் நான்கு ‘ம’வும் ஒரே இடத்தில் கீறப்பட்டிருக்கும். காலம் அப்படி அளவெடுத்துத் தேய்ப்பதில்லை.

தமிழுக்கு இதனால் வரும் சிக்கல் பெரியது. ஆங்கில எழுத்தின் ஓரம் உதிர்ந்தாலும் சொல்லை ஊகிக்கலாம். நமது எழுத்திலோ ஒரு சின்னப் புள்ளி போனால் ‘பல்’ ‘பல’ ஆகிவிடும். கொம்பின் மேற்சுழி அழிந்தால் ‘கோடி’ ‘கொடி’ ஆகிவிடும். ‘மன்னார்’ என்ற நம் ஊர்ப் பெயரிலேயே இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. இரண்டும் கீறலில் மறைந்தால் ‘மனனார’ என்றுதான் வாசிக்க வேண்டும். குர்ஆன் ஓதப் பழகிய எவருக்கும் இது புதிதல்ல. பா, தா, ஸா மூன்றுக்கும் உருவம் ஒன்றே. கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று என்பதே வேறுபாடு. புள்ளியை அலங்காரத்துக்காக அழிக்க நாம் துணிவோமா?

உண்மையாகவே தேய்ந்த எழுத்தைப் பார்க்க நாம் கணினியைத் தேட வேண்டியதில்லை. மன்னார்த் தீவில் சோளகமும் வாடையும் உப்பை அள்ளிக்கொண்டு வீசுகின்றன. தகரப் பலகை துருவேறுகிறது, சுவரின் வர்ணம் பொருக்காக உதிர்கிறது. அதனால்தான் வள்ளக்காரர்கள் அணியத்தில் எழுதிய பெயரையும் பதிவு இலக்கத்தையும் திரும்பத் திரும்பத் தீட்டுகிறார்கள். கடலில் இலக்கம் தெரியாவிட்டால் என்ன தொல்லை வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

காற்றும் உப்பும் மட்டும் நம் எழுத்துகளை அழிக்கவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000 பேருக்கும் மேற்பட்டோர் ஊரிழந்தார்கள். எருக்கலம்பிட்டி மக்கள் வள்ளங்களில் கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கினார்கள். முசலிப் பக்கக் கிராமங்கள் ஆளில்லாமல் காடேறின. 2009இல் போர் முடிந்த பின் திரும்பியவர்களை, கூரையில்லாத வீடுகளும் செடி மூடிய சுவர்களும்தான் எதிர்கொண்டன. அச்சுவர்களில் எஞ்சியிருந்த கடைப் பெயரும், வாசல் மேலே பொறித்த வருடமும், மையவாடிக் கல்லில் அரைகுறையாகத் தெரிந்த பெயரும் சில குடும்பங்களுக்குப் பத்திரம் போன்றவை. ‘நாங்கள் இங்கே இருந்தோம்’ என்று அவை சொல்கின்றன.

வெளியேற்றத்தை நினைவுகூரும் பதாகைக்குச் சிதைந்த எழுத்தே பொருத்தம் என்று நமக்குத் தோன்றலாம். நான் அதை ஏற்கவில்லை. நம் பெற்றோர் ஊருக்குத் திரும்பி முதலில் செய்த வேலைகளில் ஒன்று பெயர்ப்பலகையைப் புதிதாக எழுதியது. 1990இல் நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015 மார்ச்சில் மீண்டும் வந்தபோதும், நிலையப் பெயர்கள் துலக்கமாக இருப்பதைத்தான் எல்லோரும் விரும்பினார்கள். அழிக்கப்பட்ட பெயரை எழுதும்போது முழுமையாக, தெளிவாக, ஒரு புள்ளியும் குறையாமல் எழுதுவதுதான் அதற்குரிய மரியாதை. சிதைவை நாம் வரைந்து காட்ட வேண்டியதில்லை. அதைக் கண்டவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

இப்பாணியே கூடாது என்பதல்ல என் வாதம். நாடகம் ஒன்றின் தலைப்புக்கோ, பழைய வீட்டைப் பற்றிய சிறுகதைக்கோ பெரிய எழுத்தில் ஓரிரு சொற்களுக்கு அது அழகு தரும். அப்போதும் புள்ளியும் சுழியும் கீறலில் சிக்காமல் பார்த்துக்கொள்வோம். ஆட்பெயர், ஊர்ப்பெயர், திகதி, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றில் அது வேண்டாம். கண் மங்கிய மூத்தம்மாவும் இப்போதுதான் எழுத்துக்கூட்டும் தம்பியும் வாசிக்க வேண்டிய அறிவித்தலிலும் வேண்டாம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டையோ கடையையோ திருத்தும்போது பழைய சுவரில் எழுத்து இருந்தால், வர்ணம் பூசுவதற்கு முன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அது யார் எழுதியது, எந்த வருடம் என்று தெரிந்தால் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதை எழுதி வைக்க நாங்கள் இருக்கிறோம்.